சங்கு கேட்காத ஊர்

சுரங்கத்துச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உலை வைத்து, சங்கு ஊதினால் விளக்கணைத்து வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். வேறு யாரிடமாவது சொன்னால், “அறுபது தாண்டின பொம்பளைக்கு ஒரு நாய்மேல பொறாமையா, அதுவும் எப்பவோ செத்துப்போன நாய்மேல?” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நாய்மேல் பொறாமைதான். அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது, கட்டையில் வேகிற வரைக்கும் இருக்கும்.

போன மாதம் பக்கத்து வீட்டில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. பக்கத்து வீடு என்றால் ஆள் இருக்கிற வீடு அல்ல. ஊரிகத்தில், தங்கச் சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைனில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. ஓடு சரிந்து, வேலி தட்டி மக்கி, உள்ளே எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. குட்டிகளின் முனகல் நடுச்சுவர் தாண்டி என் அடுப்படி வரைக்கும் கேட்டது. பிறகு தாய் என்ன நினைத்ததோ, ஒவ்வொன்றாய் வாயில் கவ்விக்கொண்டு வந்து என் வீட்டுப் பின்பக்கம் விறகு அடுக்கிய மூலையில் போட்டுவிட்டது. ஆக, அவை என் வீட்டுக் குட்டிகள் ஆகிவிட்டன.

நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவள். அவளுக்கென்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அதையும் தெருநாய்களுக்குக் கொடுத்துவிடுகிறாள். சொறி பிடித்ததற்கு மருந்து போடுவாள், குட்டிகளைப் படம் பிடித்து யாராவது எடுத்து வளர்ப்பார்களா என்று ஊரெல்லாம் கேட்பாள். என் வீட்டுக்கும் வந்தாள்.

“ஆன்ட்டி, போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ்ல போட்டா போதும். பெங்களூர்ல இருந்து கார் எடுத்துகினு வந்து தூக்கிகினு போவாங்க” என்றாள்.

சொல்லிக்கொண்டே குட்டிகளை ஒவ்வொன்றாய்த் தூக்கினாள். வாயைத் திறந்து ஈறைப் பார்த்தாள். வயிற்றைத் தடவினாள். கால் எலும்பை அழுத்திப் பார்த்தாள். அவளுக்குக் கொடுக்கக் காப்பி போட்டுக் கையில் வைத்திருந்தேன். கொடுக்காமல் உள்ளே போய்விட்டேன். அப்படிப் பார்க்கிற கைகளை எனக்குத் தெரியும்.

என் அம்மாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். லைனில் அவளுக்கு ‘நாய்க்காரம்மா’ என்று பெயர். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. நானும் என் தம்பியும் பிள்ளைகள். தம்பிக்கு இழுப்பு நோய். பனி இறங்கினால் அவன் நெஞ்சு ஹார்மோனியம் வாசிக்கும். இருந்தது ஒரு அறை, ஒரு அடுப்படி, தட்டி கட்டிய ஒரு துண்டு வாசல். அந்த வாசலில் எப்போதும் நாய் இருக்கும்.

அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்கே தெரியும். ரிட்டயர் ஆனால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலூர்ப் பக்கம், ஆம்பூர்ப் பக்கம் என்று சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். அண்டா ஏறும், ஆட்டுக்கல் ஏறும், கோழிக்கூண்டுகூட லாரியில் ஏறும். நாய் மட்டும் ஏறாது. அது லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, பூட்டின வீட்டு வாசலுக்கே வந்து படுத்துக்கொள்ளும். சங்கு ஊதினால் எழுந்து, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறுகிற ஷாப்ட் கேட்டுக்கு ஓடும். ஷிப்ட் முடிந்து வருகிற ஒவ்வொரு ஆளின் காலையும் முகர்ந்து பார்க்கும். தன் ஆள் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி அந்தப் பூட்டுக்கே திரும்பும். பத்து நாளில் விலா எலும்பு தெரியும், காதில் உண்ணி தொங்கும். அப்புறம் ஒரு நாள் நாய் பிடிக்கிற வண்டி வரும்.

அம்மாவுக்கு அந்த வண்டிச் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். கிடைத்த நாயை இழுத்துவந்து வாசலில் கட்டி, கஞ்சி ஊற்றி, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவி, தேறியதும் ஒரு நல்ல வீடு பார்த்துக் கொடுப்பாள். அதில் அவள் ஒரு தப்பு செய்துதான் பாடம் கற்றாள். முதலில் தேற்றிய நாயை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடைக்காரருக்குக் கொடுத்தாள். நல்ல மனுஷன், பால் சோறு போட்டார். ஆனால் அங்கேயும் சங்கு கேட்கும். சங்கு கேட்டதும் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய கேட்டுக்கு ஓடி வந்தது. கொண்டுபோய் விட்டார்கள், மறுபடி வந்தது. கடைசியில் ஒரு நாள் வழியிலேயே வண்டிக்காரன் பிடித்துவிட்டான். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

“சங்கு கேக்கற தூரத்துல குடுத்தா, அது நம்மதாவும் இருக்காது, அவங்கள்தாவும் ஆவாது. நடுரோட்லதான் சாவும்” என்றாள் அம்மா அப்பாவிடம். “இனிமே சங்கு கேக்காத ஊர்லதான் குடுக்கணும்.”

சங்கு கேட்காத ஊர் என்றால் பேத்தமங்களாப் பக்கம். அங்கேயிருந்து காலையில் ஒரு பால் வண்டி நம் லைன்களுக்கு வரும், குதிரை வண்டி, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பால்காரர் தெலுங்குக்காரர். பாலை ஊற்றிவிட்டு முற்பகலில் வெறும் கேன்களோடு திரும்பிப் போகும்போது அம்மாவின் நாயையும் ஏற்றிக்கொண்டு போவார். ராகிக் கொல்லைக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் அங்கே நாய் கேட்பவர்கள் இருந்தார்கள்.

அதற்கு அம்மா தானாகவே சில சட்டங்கள் வைத்திருந்தாள். வண்டியில் ஏற்றும்போது நாயின் முகத்தில் துண்டைப் போட்டு மூட வேண்டும், வழி தெரியக் கூடாது. அம்மா உடுத்திக் கிழிந்த புடவைத் துண்டு ஒன்று கூடப் போகும், புது இடத்தில் அதன்மேல் படுத்துக்கொள்ள. நாய் ஒழுங்காகச் சோறு தின்ன ஆரம்பித்ததும் அந்தத் துண்டை எடுத்து எரித்துவிட வேண்டும். அப்புறம் யாரும் அதைப் போய்ப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பழைய வீட்டு ஞாபகம் வந்து சோற்றை விட்டுவிடும். ஆனால் அம்மாவால் பார்க்காமல் இருக்க முடியாது. அதனால் எட்ட நின்று மறைந்து பார்ப்பாள். அதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவுவாள். மண் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, தன் வாடை நாய்க்குப் போகாத பக்கமாக நின்றுகொள்வாள். ஒரு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். நாய் கொல்லையில் காக்கையைத் துரத்திக்கொண்டிருந்தது. அம்மா மரத்துக்குப் பின்னால் நின்று, தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு சிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். நல்ல நாயைத்தான் கொடுக்க வேண்டும். ஊனமானதை நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சட்டத்தில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் மேஸ்திரி. தாதுக்கல் ஏற்றிய டிராலி ஏறிப் பின்னங்கால் நசுங்கிய நாய். அம்மா அதை முந்தானையில் சுற்றித் தூக்கி வந்தபோது இரத்தம் அவள் இடுப்பு வழியாக வடிந்தது. நம் ஆட்கள் யாரும் பிழைக்கும் என்று சொல்லவில்லை. பிழைத்தது. காலை இழுத்து இழுத்து நடந்துபோய் ஒரு மேடான இடத்தில் உட்கார்ந்து, மற்ற நாய்கள் ஓடுவதைக் கண்காணிக்கும். “சர்பேஸ் மேஸ்திரி மாரியே உக்காந்துகினு வேலை வாங்குது பாரு” என்று, சுரங்கத்துக்கு மேலே தரையில் நின்று ஆள் மேய்க்கிற மேஸ்திரியைச் சொல்லி அப்பா சிரித்தார். பெயர் நின்றுவிட்டது.

மேஸ்திரி வருவதற்கு முன்னால் அப்பாவின் சோற்றுத் தூக்கு எனக்குத்தான். நீங்களும் அப்படிக் காத்திருந்தவர்கள்தானே. அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது தூக்கின் அடியில் வேண்டுமென்றே ஒரு கவளம் மிச்சம் வைத்திருப்பார். ஆயிரமாயிரம் அடி ஆழம் போய்விட்டு வந்த சோறு. வெந்நீர் போன்ற அந்தச் சூட்டில் லேசாகப் புளித்து, தகரமும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனையோடு இருக்கும். அம்மா புதிதாக வடித்த சோறு அதற்குப் பக்கத்தில் நிற்காது. மேஸ்திரி வந்த பிறகு அம்மா அந்தக் கவளத்தைப் பாதியாக்கினாள். கொஞ்ச நாளில் பாதியும் போயிற்று. “உனுக்குதான் கீதே, சட்டியில வேணும்ங்கற அளவு துன்னு. அது வாயில்லாத ஜீவன்” என்றாள்.

வாயில்லாத ஜீவனாம். ராத்திரி முழுக்க அது குரைத்ததை நாங்கள் அல்லவா கேட்டோம்.

சோறுகூடப் போகட்டும். அதன் காலுக்கு எண்ணெய் தடவும்போது அம்மா அதை “என் ராசா” என்று கூப்பிடுவாள். “வலிக்குதாடா என் ராசா, கொஞ்சம் பொறுத்துக்கோடா என் ராசா.” தம்பிக்கு இழுப்பு வந்தால் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டும் அப்படித்தான் சொல்வாள். என்னை அவள் “ஏ பொண்ணு” என்பாள். ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் “பாப்பா”. தம்பியிடம் எனக்குப் பொறாமை வரவில்லை, அவன் மூச்சுக்குத் திண்டாடுவதைப் பார்த்தவள் நான். நாயிடம் வந்தது.

ஒரு நாள் நானும் நொண்டினேன். குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வரும்போதே இடதுகாலை இழுத்துக்கொண்டு வந்தேன். மேஸ்திரியைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால் அச்சாக அதைப்போலவே வந்தது. அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என்னை உட்கார வைத்து, பாதத்தைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். முள் இருக்கிறதா என்று விரலிடுக்கெல்லாம் தடவினாள். அவள் கட்டைவிரல் சொரசொரவென்று இருந்தது, வேப்பெண்ணெய் நாற்றம் அடித்தது. அப்படியே பொழுது சாயும்வரை அவள் தடவிக்கொண்டிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு. முள் இல்லை, வீக்கம் இல்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி முதுகில் ஒன்று விழுந்தது. “கால் நல்லா கீற கொழந்த நொண்டலாமாடி? நல்லதுக்கா?” என்றாள். மேஸ்திரி மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷ மழைக்காலத்தில்தான் அப்பாவுக்கு அடிபட்டது. பகல் நேரம். தரை ஒரு குலுங்கு குலுங்கியது, அலமாரித் தட்டுகள் விழுந்தன. பூமிக்கு அடியில் எங்கேயோ பாறை வெடித்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். அப்பா உயிரோடுதான் வந்தார், ஸ்ட்ரெச்சரில். இடுப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் மல்லாந்து படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கஞ்சி நீர்த்துப்போனது. அம்மா வீட்டுக் காரியத்தையும் பார்த்து, அப்பாவைப் புரட்டிப் படுக்கவும் வைத்து, தம்பிக்கு ஆவியும் பிடித்தாள். தேறியிருந்த நாய்களை எல்லாம் ஒரே வாரத்தில் பால் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். மேஸ்திரி மட்டும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. பேத்தமங்களா ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நிலம் நீச்சு என்று வசதியாக இருந்தாள், பிள்ளை இல்லை. அப்பாவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வெல்லம் போட்ட ராகி அடை கொண்டுவந்திருந்தாள். நான் தின்றுகொண்டிருந்தபோது என் மோவாயைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள்.

“பல்லெல்லாம் விழுந்து மொளைச்சிடுச்சா கண்ணு?” என்றாள். கையைப் பிடித்துப் பார்த்தாள். இடுப்பில் கைகொடுத்து ஒரு தூக்குத் தூக்கி இறக்கினாள். “பரவால்லியே, கனமாத்தான் கீறா.”

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “இது எதுனா துன்னும். மொரண்டு பண்ணாது. சொன்ன பேச்சு கேக்கும். எங்க போனாலும் பொழைச்சிக்கும்.”

கையிலிருந்த அடையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வார்த்தைகளை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நாய் கேட்டு வருகிறவர்களிடம் அம்மா இதே வரிசையில் இதையேதான் சொல்வாள். மேஸ்திரியைப் பார்த்தேன். அது நிம்மதியாகத் தன் நசுங்கின காலை நக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் முற்பகலில் பால் வண்டி எங்கள் வாசலில் நின்றது. பெரியம்மா முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டாள். அவளுக்குக் கொல்லையில் ஆள் வேலை இருந்ததாம். பால்காரர் கேன்களை நகர்த்தி எனக்கு இடம் செய்துவிட்டு, “ராம்மா, ரா” என்று கை நீட்டினார். நாய்களைக் கூப்பிடுகிற அதே குரல். அப்பா படுத்த இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, தலையில் கை வைத்தார். அம்மா துணிமூட்டையைக் கொடுத்தாள். அவிழ்க்காமலே தெரிந்தது, மேலே இருந்தது அவளுடைய பழைய மாம்பழ நிறப் புடவையின் துண்டு.

“கொஞ்ச நாளைக்குதான் பாப்பா. அப்பா எழுந்து ஒக்காரட்டும்” என்றாள் அம்மா. பிறகு துண்டை எடுத்து என் தலைமேல் போட்டு முகத்தை மூடினாள். “ரோட்ல புழுதி. எடுக்காத.”

நான் எடுக்கவில்லை. சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. கேன்களிலிருந்து புளித்த பால் வாடை வந்தது, சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. வண்டிக்குப் பின்னால் ஒரு இழுத்த நடை கொஞ்ச தூரம் வந்தது, அப்புறம் நின்றது. மேஸ்திரி தன் மேட்டுக்குத் திரும்பிப் போகிறது, அங்கிருந்து அம்மாவிடம் போகும், இனி ராத்திரி என் பாயில் படுக்கும் என்று துண்டுக்குள்ளேயே கணக்குப் போட்டேன். எனக்கு வந்த அழுகை வீட்டை விட்டுப் போகிற அழுகை இல்லை. அந்தப் பாய்க்காகத்தான் அழுதேன்.

பெரியம்மாவைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தயிரும் களியுமாக வைத்துத் திணித்தாள். பெரியப்பா சந்தையிலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தெலுங்கும் கன்னடமும் பேசின, ஒரு மாதத்தில் நானும் பேசினேன். குறை ஒன்றுதான். அந்த ஊரில் சங்கு இல்லை. விடியலில் சங்கு ஊத வேண்டிய நேரத்துக்கு எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும். கண்ணைத் திறந்துகொண்டு காத்திருப்பேன். மாடு கழுத்தை ஆட்டுகிற மணி கேட்கும், ஏரிப்பக்கம் நீர்க்கோழி கத்தும். வேறு ஒன்றும் கேட்காது. எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று சொல்ல யாரும் இல்லாத மாதிரி இருக்கும்.

புடவைத் துண்டை விரித்து அதன்மேல்தான் படுத்தேன். அடுப்புப் புகையும் வேப்பெண்ணெயும் நாய் வாடையும் சேர்ந்த அம்மா வாசனை. நாய் வாடை இருந்ததில் எனக்கு எரிச்சல்தான், இருந்தாலும் முகத்தை அதிலேயே புதைத்துக்கொள்வேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் துண்டு இல்லை. பெரியம்மாவைக் கேட்டேன்.

“அழுக்குத் துணி கண்ணு, தூக்கிப் போட்டுட்டேன். புதுப் போர்வை வாங்கியாந்துக்கீறேன் பாரு” என்றாள், என் கண்ணைப் பார்க்காமல்.

அன்றைக்கு முந்தின நாள்தான் நான் முதல் தடவையாக மறுசோறு கேட்டு வாங்கித் தின்றிருந்தேன். யார் சொல்லிக் கொடுத்து பெரியம்மா அதைச் செய்தாள் என்று எனக்குத் தெரியாதா? பின்பக்கம் போய்ச் சாம்பலைக் கிளறினேன். மாம்பழ நிறத்தில் ஒரு விரல்கடை கருகாமல் இருந்தது.

இனி அம்மா வரமாட்டாள் என்று அப்போது புரிந்தது. சட்டப்படி அடுத்தது அதுதான். அதன் பிறகு நான் சோற்றைக் குறைத்துப் பார்த்தேன். ஆனால் பசி என்பது மானம் பார்க்காது, நான் எதுவும் தின்கிற பிள்ளை அல்லவா.

பொங்கல் முடிந்து ராகிக் கதிர் அடிக்கிற சமயம். நான் களத்தில் கோழி விரட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஏரிக்கரை. கரைமேல் வரிசையாகப் புளியமரங்கள். அதில் ஒரு மரத்தடியில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. ஊர் நாய்கள் அப்படி உட்காராது. மேட்டில், ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு, களத்து வேலையைக் கண்காணித்தபடி உட்கார்ந்திருந்தது அது. மேஸ்திரியால் தனியாக அத்தனை தூரம் வர முடியாது. நான் மரத்தையே பார்த்தேன். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை வெளியே வந்தது. ஒரு பிடி மண்ணைத் தூவியது. மண் ஏரிப்பக்கமாகப் பறந்தது.

என் வாடை அவள் பக்கம் போகலாம், அவள் வாடை என் பக்கம் வரக் கூடாது. நான் அவள் பெற்ற மகள், எனக்குக் கண் இருக்கிறது, நாய் மாதிரி மூக்கால் பார்க்கிறவள் இல்லை என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனை நாய்களுக்குச் செய்த பழக்கமோ, கை தானாகவே செய்துவிட்டது.

ஓடினேன். முள்ளு வேலியைத் தாண்டி, கதிர் அறுத்த கட்டைகளை மிதித்துக்கொண்டு, “அம்மோவ்” என்று கத்திக்கொண்டே ஓடினேன். கரை ஏறுவதற்குள் மரங்களுக்கு அந்தப் பக்கம், கரைமேல் போகிற வண்டித்தடத்தில் பால் வண்டி கிளம்பிவிட்டது. கேன்களுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துண்டால் மூடியிருந்தாள். அவள் மடியில் மேஸ்திரி. அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, பார்த்துக்கொண்டே இருந்தது, வண்டி திரும்புகிற வரைக்கும்.

நீங்கள் சொல்வீர்கள், துண்டுக்குள்ளே அவள் அழுதிருப்பாள் என்று. அழுதிருப்பாள், நானும் பிள்ளை பெற்றவள்தான், எனக்கும் இப்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்குக் கரைமேல் நின்ற எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பார்க்க வந்தவள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள், கூட்டிக்கொண்டு போனாள்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார், கோல் ஊன்றி நடக்கவும் செய்தார். சர்பேஸில் லேசான வேலை கிடைத்தது. ஆனால் கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போயிற்று. பண்டிகைக்குப் பெரியம்மாவோடு ஊரிகத்துக்கு வந்தால் எனக்கு விருந்தாளித் தட்டில் சோறு போட்டாள் அம்மா. என் பாயில் மேஸ்திரி படுத்திருந்தது. கிழமாகியிருந்தது. நான் உள்ளே வந்ததும் எழுந்து, இடம் விட்டு, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டது. அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

கல்யாணப் பேச்சு வந்தபோது ஊரிகத்து மாப்பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நல்ல கால் இருந்தும் கடைசியில் ஒற்றைக்காலில் நின்றுதான் காரியம் ஆயிற்று, பாருங்கள். மஞ்சள் கயிற்றோடு லைனுக்கு வந்து இறங்கியபோது அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சங்கு கேக்கற தூரத்துக்கே வந்துட்டியா” என்றாள். கோபமா சந்தோஷமா என்று அவள் குரலில் தெரியவில்லை.

அதற்குள் மேஸ்திரி செத்து, புதைத்த இடத்தில் அம்மா ஒரு முருங்கைக் கொம்பு நட்டிருந்தாள். அந்த முருங்கைக் கீரையை நான் ஒரு நாளும் ஆய்ந்ததில்லை. அம்மாவுக்கு உடம்பு தளர்ந்து, நான் தினமும் போய்த் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“ஏம்மா, அந்த நாய வெச்சிகினு என்ன ஏன் குடுத்த?”

அம்மா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. “அத்த யாருடி கேட்டாங்க? உன்னத்தான் கேட்டாங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “உனுக்கு இன்னா கொறச்சல்? நல்லதுன்னுதானே குடுத்தேன்” என்றாள்.

நியாயமான பதில். ஒரு சொட்டும் பொய் இல்லை. அவளுக்கு நான் நல்ல நாய், நல்ல இடத்தில் சேர்ந்தேன், பிழைத்தேன். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக்கொண்டே, எனக்கு ஒரு கால் கொஞ்சம் வளைந்து பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அம்மாவும் போய், சுரங்கத்தையும் மூடி, சங்கும் நின்ற பிறகு, இத்தனை வருஷத்தில் அந்த நினைப்பு ஒரு தடவைகூட என்னை விட்டுப் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஆன்ட்டி, எல்லாத்துக்கும் வீடு கெடச்சிடுச்சி. இந்தக் கால் வளைஞ்ச குட்டி ஒண்ணுத்ததான் யாரும் கேக்கல. அத நீங்களே வெச்சிக்கறீங்களா? பாவம் ஆன்ட்டி.”

விறகு மூலையில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடிக்கொண்டிருந்தன. அதில் ஒரு செவலைப் பெட்டைக்குட்டி. நெற்றியில் வெள்ளை, கொழுகொழுவென்று, நாலு காலும் தூண் மாதிரி. என் செருப்பைக் கவ்வி இழுத்துக்கொண்டு அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

“செவலைய வெச்சிக்கறேன்” என்றேன்.

“ஐயோ, அதுக்குத்தான் ஆன்ட்டி போட்டியே. பெங்களூர்ல இருந்து கார்ல வந்துகினு கீறாங்க. நல்ல பேமிலி. பெரிய வீடு, தோட்டம் எல்லாம் கீது.”

“வரட்டும். காப்பி போட்டுத் தரேன், குடிச்சிட்டுப் போவட்டும்.”

“இன்னா ஆன்ட்டி இப்டி சொல்றீங்க? அத்த பத்து பேர் கேக்கறாங்க.”

“அதான் சொல்றேன். பத்து பேர் கேக்கறாங்கன்னுதான் எல்லாரும் அத்த குடுத்துடறாங்க.”

அவளுக்குப் புரியவில்லை. குனிந்து செவலையின் தலையைத் தடவி, எனக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னாள். “ஆன்ட்டி, இது நல்லா கீற குட்டி. எங்க போனாலும் பொழைச்சிக்கும்.”

“தெரியும். பொழைச்சிக்கும்” என்றேன். “பொழைச்சிக்கறதுக்காக அது எங்கியும் போவ வேணாம். இங்கியே இருக்கட்டும்.”

“அப்ப இந்த நொண்டி?”

“அதுக்கு ஆள் வரும். நொண்டிக்கு எப்பவும் ஆள் வந்துடும்.”

வந்தது. அவளே கால் வளைந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி, கழுத்தோடு அணைத்துக்கொண்டு, “வாடா, நம்ம வீட்டுக்கே போலாம் வா” என்று கொஞ்சிக்கொண்டே போனாள். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் என் வயிறு எரிந்தது.

வாசல் தட்டியைச் சாத்திவிட்டு வந்து செவலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். செருப்பை விடவில்லை அது. அதன் காலை ஒவ்வொன்றாய் எடுத்து, விரலிடுக்கெல்லாம் தடவிப் பார்த்தேன். முள் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு குறையும் இல்லை. இருந்தும் தடவிக்கொண்டே இருந்தேன். “என் ராசாத்தி” என்றேன்.